அடியறிந்து கோல் கொள்வோம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழைய வரலாற்றையோ எமது காலத்து ஆசிரியப் பெருமக்களின் மாண்பினையோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கல்லூரி மைதானத்தில் ஒருநாளும் ஆடப்படாத ஒரு விளையாட்டைப் பற்றியது. அவ்விளையாட்டிலும் ஒருவகைக் கோலைப் பற்றியது. அக்கோலிலும் மண்ணில் தோயும் அடிப்பாகத்தைப் பற்றியது. இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு.

நாம் பயின்ற காலத்தில் உதைபந்தாட்டமும் கிறிக்கற்றும் அறிந்தோமேயன்றிக் கோல்ப் ஆட்டத்தை அறிந்திலோம். இலங்கைக்கு அது புதியதன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் அதற்கெனக் கழகங்கள் தோன்றிவிட்டன. கொழும்புக் கழகத்தார் முதலில் ஆடியது காலிமுகத்திடலிலேயாம். எனினும் நெடுங்காலம் அது தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காகவே எம்மவர் கண்ணுக்குத் தோன்றிற்று. கல்லூரியை விட்டு நீங்கியபின், தொழில் காரணமாகக் கொழும்பிலும் மலைநாட்டிலும் பிறநாடுகளிலும் வாழ நேர்ந்த பழைய மாணவர் சிலர் நடுவயதிலே இவ்வாட்டத்தைக் கைக்கொண்டனர். நாமும் அவ்வரிசையிற் சேர்ந்தோம்.

பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆண்டுதோறும் நண்பர் ஒருவராவது எம்மைத் தனியே அழைத்து, “குழிக்கு அண்மையில் வந்ததும் எல்லாம் கெட்டுவிடுகின்றது, மணலில் வீழ்ந்த பந்து எழமாட்டேனென்கின்றது, இவ்வாட்டம் எனக்கு வாராது போலும், விட்டுவிடலாம் என்றிருக்கின்றேன்” என முறையிடுவதுண்டு. அவருடைய கோலை வாங்கி அடியைத் திருப்பிப் பார்ப்போமாயின், பலமுறை குற்றம் அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. அவர் வீச்சுக்கும் அவர் ஆடும் தரைக்கும் பொருந்தாத கோலை அவர் சுமந்து திரிகின்றார். காலையில் எழுந்து நான்கைந்து மைல் நடந்து, நண்பருடன் அளவளாவி, உடலையும் உள்ளத்தையும் பேணுதற்கு முதுமையில் வாய்த்த ஒரு நல்ல வழியை, இரும்புத் துண்டொன்றின் சரிவு பொருந்தாமையால் ஒருவர் இழந்துவிடுதல் ஆகாது. அதனாலேயே இக்கட்டுரை.

முதலிற் கோல் யாதென அறிவோம். கோல்ப் ஆடுபவர் ஒரு சுற்றுக்கு 14 கோல்களுக்கு மேற் கொண்டு செல்லலாகாது என்பது விதி. நெடுந்தூரம் அடிப்பதற்குரிய கோல்களின் முகம் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும். குழியை நெருங்க நெருங்க, முகம் பின்னோக்கிச் சாய்ந்த கோல்களை எடுப்பர். அவற்றுள் மிகவும் சாய்ந்த முகமுடையவற்றை வெட்ஜ் என்பர். ஆப்பு என்பது அச்சொல்லின் பொருள். நூறு யார் அளவான தூரத்திலிருந்தும், உயர்ந்த புல்லிலிருந்தும், மணற்குழியிலிருந்தும் பந்தை உயரத் தூக்கி மெல்ல இறக்குவதற்கு இவையே உதவுவன. இக்காலத்திலே பிச்சிங் வெட்ஜின் முகச்சாய்வு 44 முதல் 48 பாகை வரையும், காப் வெட்ஜினது 50 முதல் 52 வரையும், சான்ட் வெட்ஜினது 54 முதல் 56 வரையும், லொப் வெட்ஜினது 58 முதல் 60 வரையும் இருத்தல் பெருவழக்கு.

இக்கோல்கள் பலவற்றில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 56 என்றும் 12 என்றும் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது எண் முகத்தின் சாய்வு. அதனை யாவரும் கேட்டு வாங்குவர். இரண்டாவது எண்ணை வினவுவோர் சிலரே. அதுவே பவுன்ஸ் எனப்படுவது. முதலாவது எண் பந்துக்கு உரியது. இரண்டாவது எண் மண்ணுக்கு உரியது. நண்பர்களின் துன்பத்திற் பெரும்பகுதி இந்த இரண்டாவது எண்ணைப் பாராமையால் விளைவதே.

கேத்திரகணிதம் பயிலும் மாணாக்கர் இதனை எளிதில் அறிவர். வெட்ஜ் ஒன்றை மேசைமீது நேராக, தண்டு எப்பக்கமும் சாயாதவாறு நிறுத்துக. முகத்தின் கீழுள்ள முன்விளிம்பு மேசையைத் தொடாது சற்றே உயர்ந்து நிற்கும். அடிப்பாகத்தின் பின்புறமே மேசையிற் படியும். படியும் அவ்விடத்திலிருந்து முன்விளிம்புக்குக் கோடொன்று வரைந்தால், அக்கோட்டுக்கும் மேசைக்கும் இடையே தோன்றும் கோணமே பவுன்ஸ். அது 12 பாகையாயின் முன்விளிம்பு நன்கு உயர்ந்து நிற்கும். 4 பாகையாயின் மேசையை ஒட்டிக் கிடக்கும்.

இக்கோணம் செய்யும் தொழிலை அறியத் தச்சனின் உளியை நினைத்துக்கொள்வோம். உளியின் சரிவான பக்கத்தை மேலே வைத்துத் தட்டையான பக்கத்தால் மரத்தைச் சாய்வாகத் தள்ளினால் அது ஆழ்ந்து இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதே உளியைத் திருப்பிச் சரிவான பக்கம் கீழே இருக்குமாறு பிடித்தால், அது மரத்துள் ஆழாமல் மேலெழுந்து சீவிச் செல்லும். உளியும் ஒன்று, கையும் ஒன்று. அடியின் சரிவு மட்டுமே வேறு. வெட்ஜும் அவ்வாறே. மேலிருந்து இறங்கி வரும் கோலின் சரிந்த அடியை மண்ணோ மணலோ எதிர்த்து மேல்நோக்கித் தள்ளுகின்றது. பவுன்ஸ் மிகுந்திருப்பின் கோல் ஆழாமல் வழுக்கிச் சென்று வெளியேறும். குறைந்திருப்பின் முன்விளிம்பு கத்திபோல் உள்ளே இறங்கும்.

இவ்வுண்மையைக் கோல்ப் உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு சுவையானது. முற்காலத்தில் மணற்குழியில் ஆடுதற்கு நிப்லிக் என்னும் கூரிய விளிம்புடைய கோலையே பயன்படுத்தினர். அது மணலிற் புதைந்துபோகும். ஆதலின் மணற்குழி பெருவீரரையும் அச்சுறுத்திற்று. குழிவான முகமுடைய கோலொன்று 1928ஆம் ஆண்டளவிற் புறப்பட்டது. பொபி ஜோன்ஸ் என்னும் பெருவீரர் 1930இல் அதனைக் கையாண்டார். ஆயின், பந்தை ஒரே வீச்சில் இருமுறை தீண்டக்கூடியது எனக் கருதப்பட்டமையால் 1931இல் அது தடைசெய்யப்பட்டது.

அந்நிலையில் ஜீன் சரசென் என்பவர் வேறு வழி தேடினார். இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய தச்சர் ஒருவரின் மகன் அவர். இளமையிற் பிறருடைய கோல்களைச் சுமந்து இவ்வாட்டத்தைக் கற்றவர். விமானம் ஓட்டப் பயின்றபோது, வாலின் சிறகு அசையவே விமானத்தின் மூக்கு உயர்வதைக் கண்ட அவர், கோலின் பின்புறம் தாழ்ந்திருப்பின் முன்விளிம்பும் அவ்வாறே மணலினின்று எழும் எனக் கருதினாராம். புளோரிடாவில் ஒரு பட்டறையில் இருந்துகொண்டு, நிப்லிக்கின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டுவதும், அரத்தால் அராவுவதும், மணலில் அடித்துப் பார்ப்பதுமாக அக்கோலை உருவாக்கினார். 1932ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சான்ட்விச் நகர்க்கு அண்மையிலுள்ள பிரின்சஸ் தரையில் நடந்த பகிரங்கப் போட்டிக்கு அதனைக் கொண்டுசென்றார். கண்டோர் தடைசெய்துவிடுவரோ என அஞ்சிப் பையிலே அதனைத் தலைகீழாக வைத்து மறைத்தார் என்பர். நான்கு சுற்றுக்களையும் 283 அடிகளில் முடித்து, ஐந்து அடி வேறுபாட்டில் வெற்றிபெற்றார். இன்றைய சான்ட் வெட்ஜுக்கு அக்கோலே முன்னோடி. சரசென் செய்தது பந்தை அடிக்கும் முகத்தை மாற்றியதன்று. மண்ணைச் சந்திக்கும் அடியை மாற்றியதே.

இனி எமது பிழையையும் மறையாது கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்றிருந்தபோது, தொலைக்காட்சியில் நாம் கண்டு வியந்த வீரர் ஒருவர் கையாளும் கோலைப் போன்றதொரு லொப் வெட்ஜை ஆசைப்பட்டு வாங்கினோம். முகச்சாய்வு 60, பவுன்ஸ் 4. விலையும் சிறிதன்று. மழையில் ஊறிய புற்றரையில் அதனை வீசியபோதெல்லாம் பந்து இருந்த இடத்தில் இருக்க, கோல் மண்ணிற் குத்தி நின்றது. மணற்குழியிலோ நிலைமை இன்னும் இரங்கத்தக்கதாயிற்று. எமது கையிலேயே குற்றம் என்று நம்பி வீச்சை மாற்றினோம், நிற்கும் நிலையை மாற்றினோம், இரண்டாண்டு கழிந்தன. கோல் மண்ணிற் குத்துமோ என்னும் அச்சத்தால், நன்றாக ஆடிவந்த பிற கோல்களின் வீச்சும் கெட்டது. ஒருநாள் வயதிற் பெரிய பயிற்றுநர் ஒருவர் எமது ஆட்டத்தைக் கண்டார். பந்து சென்ற திசையை அவர் பார்க்கவில்லை. கோல் பெயர்த்த தரையையே குனிந்து பார்த்தார். “ஐயா, நீங்கள் ஆழ வெட்டுபவர்; இந்தக் கோல் வழித்து அடிப்பவருக்கு உரியது” என்றார். தம்முடைய பையிலிருந்து 12 பாகைப் பவுன்ஸ் உடைய பழைய கோலொன்றை எடுத்துத் தந்தார். அன்று மாலைக்குள் மணலிலிருந்து பந்து எழுந்தது.

அப்பெரியவர் பார்த்ததையே ஒவ்வொருவரும் தமக்குப் பார்த்துக்கொள்ளலாம். கோல் தெரிவதற்கு இரண்டு வினாக்கள் போதும். நான் எவ்வாறு அடிக்கின்றேன் என்பது ஒன்று. நான் எத்தகைய தரையில் ஆடுகின்றேன் என்பது மற்றையது.

முதல் வினாவுக்கு விடை தரையிலே எழுதப்பட்டிருக்கும். நல்ல புற்றரையில் வெட்ஜால் பத்துப் பந்துகளை அடித்து, பெயர்ந்த இடங்களைப் பார்க்க. பெயர்ந்த புற்கட்டி தடித்தும் பள்ளம் ஆழ்ந்தும் இருப்பின், கோல் செங்குத்தாக இறங்குகின்றது என்பது பொருள். அத்தகையோர்க்கு மிகுந்த பவுன்ஸ் வேண்டும். ஆழ்தலை அது தடுக்கும். புல்லின் நுனி மட்டும் சீவப்பட்டு மண் பெயராதிருப்பின், கோல் தாழ்ந்து வழித்துச் செல்கின்றது. அத்தகையோர்க்குக் குறைந்த பவுன்ஸ் நன்று; மிகுந்த பவுன்ஸ் உடைய கோல் அவருக்குப் பந்துக்கு முன்னரே தரையிற் பட்டுத் துள்ளிவிடும்.

இரண்டாவது வினாவுக்கு விடையைக் காலாலே அறியலாம். மெத்தென்ற தரை, ஊறிய மண், அடர்ந்த புல், காலடி புதையும் மென்மணல் என்பவற்றுக்கு மிகுந்த பவுன்ஸ் உரியது. இறுகிய தரை, ஒட்ட வெட்டிய புல், மணல் மெலிந்து கீழே கடுந்தரையுள்ள குழி என்பவற்றுக்குக் குறைந்த பவுன்ஸ் உரியது. ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் போன்ற கடலோரத் தரைகள் இறுகியவை. அங்கே குறைந்த பவுன்ஸ் உடைய கோல்கள் பெரிதும் உதவும். நுவரெலியாவின் மழையில் நனைந்த மலைத் தரைக்கு அதே கோலைக் கொண்டுவந்தால், எமக்கு நேர்ந்ததே நேரும். மண்வெட்டி வாங்கும் கமக்காரன் தன் நிலம் செம்மண்ணோ மணலோ என்று எண்ணாது வாங்குவதில்லை. கோல் வாங்கும் நாமும் அவனுடைய அறிவினைப் பின்பற்றுதல் தக்கது.

எண்களை வகுத்துக் கூறின், செய்வோர்க்குச் செய்வோர் சிறிது வேறுபடினும், 6 பாகை வரையிலுள்ளதைக் குறைந்தது என்றும், 7 முதல் 10 வரையிலுள்ளதை நடுத்தரமானது என்றும், அதற்கு மேற்பட்டதை மிகுந்தது என்றும் கொள்ளலாம். பொருந்தாத கோல் தரும் துன்பமும் இருவகைத்து. மென்தரையில் பவுன்ஸ் குறைந்தால் கோல் பந்துக்குப் பின்னே புதையும். பந்து இரண்டடி தூரம் உருண்டு நிற்கும். கடுந்தரையில் பவுன்ஸ் மிகுந்தால் கோல் துள்ளி, முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றிற் படும்; பந்து தாழப் பறந்து, சேரவேண்டிய இடத்தைக் கடந்து அப்பாலுள்ள புதரிற் சேரும். இவ்விரண்டில் எது தமக்கு அடிக்கடி நேர்கின்றதென எண்ணிப் பார்ப்பவர், பாதி விடையை அறிந்தவராவர்.

கையும் தரையும் முரணுமாயின் என் செய்வது? ஆழ வெட்டும் ஒருவர் இறுகிய தரையில் ஆட நேரலாம். அவருக்கு நடுத்தரமான பவுன்ஸே பாதுகாப்பானது. அன்றியும், ஒருவர் கொண்டு செல்லும் வெட்ஜுகள் யாவும் ஒரே பவுன்ஸ் உடையனவாக இருத்தல் வேண்டியதில்லை. சான்ட் வெட்ஜில் 12 பாகையும் லொப் வெட்ஜில் 7 அல்லது 8 பாகையும் கொண்டால், மென்மணலுக்கு ஒன்றும் கடுந்தரைக்கு ஒன்றுமாக இரண்டும் கைவசம் இருக்கும். எமது பையில் இன்று இருப்பவை இவையே. முகச்சாய்வைப் பொறுத்தவரை, ஒரு வெட்ஜுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 முதல் 6 பாகை வரை வேறுபாடு இருப்பின், தூரங்களுக்கிடையே பெரிய வெளி விழாது.

எண்ணை மட்டும் நம்புதலும் கூடாது. அடியின் அகலமும் அதனுடன் சேர்ந்தே தொழில் செய்கின்றது. அகன்ற அடியுடைய கோல், எண் சிறிது குறைந்திருந்தாலும், மணலில் நன்கு மிதக்கும். ஒடுங்கிய அடியுடையது அவ்வாறு மிதவாது. அடியின் குதிப்பக்கத்தையும் பின்விளிம்பையும் சிறிது தேய்த்து அமைத்த கோல்களும் உண்டு. இதனைக் கிறைண்ட் என்பர். முகத்தை விரித்துப் பிடித்து ஆடும்போது முன்விளிம்பு மிகையாக உயராதிருக்க அத்தேய்ப்பு உதவும். எப்போதும் முகத்தை நேராகவே வைத்து ஆடுபவருக்கு அதனால் ஆகும் பயன் சிறிதே.

ஆடுவோர் தாமும் இக்கோணத்தை மாற்றுகின்றனர். மேசைமீது நிறுத்திய கோலின் கைப்பிடியை முன்னோக்கி 5 பாகை சாய்த்தால், 10 பாகைப் பவுன்ஸ் 5 பாகையாகக் குறைந்துவிடும். முகத்தை வலப்புறம் விரித்தால் பவுன்ஸ் மிகும். மணற்குழியில் முகத்தை விரித்து ஆடுமாறு பயிற்றுநர் கூறுவதன் பொருள் இதுவே. ஆகவே கைகளை மிகவும் முன்னே தள்ளி அடிக்கும் வழக்கமுடையவர், குறைந்த பவுன்ஸ் உடைய கோலை வாங்குவாராயின், உள்ள சிறிதளவையும் இழந்து வெறும் கத்தியையே வீசுபவராவார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. செயற்கைப் புல்விரிப்பின்மீது அடித்துப் பார்த்துத் தெரிவு செய்தல் தவறு. விரிப்பிலே எந்தக் கோலும் வழுக்கிச் செல்லும். அதனால் ஆழ வெட்டும் குற்றம் மறைந்துவிடும். இயலுமாயின் நண்பரின் கோலை இரவல் வாங்கித் தாம் வழக்கமாக ஆடும் தரையிலும் மணலிலும் அடித்துப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க. அடியின் குறுக்கே ஒட்டுநாடா ஒட்டிப் பலகைமீது மெல்ல வீசினால், எப்பகுதி தரையைத் தீண்டுகின்றதென்பதை நாடாவின் தேய்வு காட்டும். முன்விளிம்பை ஒட்டியே தேய்ந்திருப்பின் பவுன்ஸ் போதாது. பின்விளிம்பிலேயே தேய்ந்திருப்பின் மிகையாகும். நடுவிலே தேய்ந்திருப்பின் கோல் பொருந்திற்று எனலாம். பழைய கோலை வாங்குதல் இழுக்கன்று. ஆயின் முகத்திலுள்ள வரிப்பள்ளங்கள் தேய்ந்திருப்பின் பந்து சுழலாது வழுக்கும். அதனை விரல்நகத்தால் வருடி அறிக.

மாணாக்கருக்கு இக்கட்டுரையால் என்ன பயன் என ஒருவர் வினவலாம். பௌதிக வகுப்பிற் படிக்கும் தாக்கமும் எதிர்த்தாக்கமும் ஓர் இரும்புத் துண்டின் அடியிலே தொழிற்படுவதைக் கண்டுகொள்ளுதல் ஒரு பயன். பிறர் கையிற் சிறந்த கருவி நம் கையிலும் சிறந்ததாகும் என மயங்காதிருத்தல் மற்றொரு பயன். நாம் இரண்டாண்டுகளை இழந்து கற்ற பாடம் அது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று கூறத் துணிகின்றோம். அப்பயிற்றுநர் எம்மை ஏசவில்லை. இன்னும் முயல்க என்று மட்டும் கூறி அனுப்பவுமில்லை. தரையைக் குனிந்து பார்த்தார். பொருந்திய கோலை எடுத்துத் தந்தார். எமது கல்லூரியிலே அவ்வாறு குனிந்து பார்த்த ஆசிரியர் சிலர் இருந்தனர். கணக்கிற் பின்தங்கிய மாணாக்கனுக்குச் சித்திரமும், சொற்போருக்கு நாணிய மாணாக்கனுக்கு எழுதுகோலும் தந்து, அவனவன் கைக்கு ஏற்றதைக் கண்டறிந்தவர் அவர்கள். பவுன்ஸ் என்பது ஆடுவோன் பிழையைத் தாங்கிக்கொண்டு அவனை மேலே எழச் செய்யும் சரிவு. அத்தகைய சரிவினைத் தம் மாணாக்கரின் பொருட்டுத் தம்மிடத்தே வைத்திருந்த அப்பெரியோரை இவ்விழா நாளில் நன்றியுடன் நினைவுகூர்கின்றோம்.

கோலை மூலையிற் சாத்திவைத்த நண்பர்கள், அடுத்த ஒன்றுகூடலுக்கு அதனையும் உடன் கொண்டுவருவாராக. அடியைத் திருப்பிப் பார்ப்போம். கல்லூரி அன்னை நீடு வாழ்க!